என்பு உரைக்கும் உண்மை

தொண்டை நாட்டின் ஊடே பாலாறு பாய்கின்றது. ஆண்டின் பெரும்பகுதி நீரின்றி, வெண்மணல் பரந்து கிடக்கும் அவ்வாற்றை ஒட்டி, ஆர்க்காட்டிலிருந்து வேலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் மேல்விஷாரம். முன்னாளில் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2019-ஆம் ஆண்டு முதல் இராணிப்பேட்டை மாவட்டத்தில் அடங்கியுள்ளது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களைப் போலவே மேல்விஷாரமும் தோல் பதனிடும் தொழிலாற் பெயர் பெற்றது. தோல் வாணிகத்திற் பெரும்பொருள் ஈட்டி, அதனைக் கல்விக்கும் அறத்திற்கும் வழங்கிய நவாப் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரால் 1965-ஆம் ஆண்டில் இங்கு ஒரு கல்லூரி நிறுவப்பெற்றது. தொழிலும் கல்வியும் ஒருங்கே வளர்ந்த ஊர் இது.

தோல் பதனிடும் தொழிற்சாலையுள் நுழைவோர், தோல்களைத் தரம் பிரிக்கும் முதியவர் ஒருவரைக் காண்பர். அவர் ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் விரிக்கின்றார். விரலால் தடவிப் பார்க்கின்றார். ஒரு நொடியில் ஒதுக்கி வைக்கின்றார். மயிர்க்கால்களின் வரிசையைக் கொண்டே அது வெள்ளாட்டுத் தோலோ, செம்மறியாட்டுத் தோலோ, மாட்டுத் தோலோ என்பதை அறிந்துவிடுவார். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு, சூடு போட்ட தழும்பு ஆகிய எல்லாம் அவர் கண்ணிற்குப் புலனாகும். விலங்கு உயிரோடு இருந்தபோது பட்டு ஆறிய காயம் எது, உரிக்கும்போது கத்தி பட்ட காயம் எது என்பதையும் அவர் பிரித்தறிவார். ஆறிய காயத்தின் விளிம்பு மூடியிருக்கும். கத்திக் காயத்தின் விளிம்பு திறந்திருக்கும். இறந்துபோன ஒரு விலங்கின் வாழ்க்கையை அதன் தோலிலிருந்து அவர் படிக்கின்றார்.

இம்முதியவரிடம் இரண்டு சிறப்புகள் உண்டு. ஒன்று, கூரிய பார்வை, மற்றொன்று, வாய்மை. குறையுள்ள தோலை அவர் நல்ல தோல் என்று கூறிவிட்டால் வாங்குவோர் ஏமாறுவர். ஊரின் பெயரும் கெடும். ஆதலின், கண்டதைக் கண்டவாறே கூறுதல் அவர் தொழிலின் உயிராகும்.

தோலைப் படிப்பது போலவே, மனிதனின் எலும்பைப் படிக்கும் கல்வியும் ஒன்று உண்டு. அதற்கு உடல்சார் மானிடவியல் என்று பெயர். மனிதன் எவ்வாறு தோன்றினான், எவ்வாறு பரவினான், அவன் உடலமைப்பு இடத்திற்கும் உணவிற்கும் தொழிலுக்கும் ஏற்ப எவ்வாறு மாறுகின்றது என்பவற்றை அக்கல்வி ஆராய்கின்றது. அவ்வறிவை நீதிமன்றத்தின் தேவைக்குப் பயன்படுத்தும்போது அது தடயவியல் மானிடவியல் எனப்படுகின்றது. காட்டிலோ கிணற்றிலோ இன்னார் என்று அறியப்படாத ஓர் எலும்புக்கூடு கிடைக்குமாயின், அது யாருடையது, அவர் இறந்தது எவ்வாறு என்னும் வினாக்களுக்கு விடை தேடுவது அதன் கடமையாகும்.

நம் நாட்டில் மானிடவியலைப் பட்டப் படிப்பாகக் கற்பிக்கத் தொடங்கிய முதற் பல்கலைக்கழகம் கல்கத்தாப் பல்கலைக்கழகம். அங்கு 1920-ஆம் ஆண்டில் இத்துறை அமைந்தது. இந்திய மானிடவியல் ஆய்வகம் 1945-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் மானிடவியலுக்குத் தனித்துறை உண்டு. குசராத்து மாநிலத்தின் காந்திநகரில், தடயவியலுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் 2009-ஆம் ஆண்டில் தோன்றி, 2020-ஆம் ஆண்டில் தேசியப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

இக்கல்வியைப் பயிலும் மாணவன் முதலில் எலும்புகளின் பெயர்களையும் வடிவங்களையும் மனத்திற் பதித்துக்கொள்கின்றான். வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. குழந்தைப் பருவத்தில் அவற்றின் எண்ணிக்கை இதனினும் மிகுதி. வளர வளரச் சில எலும்புகள் ஒன்றோடொன்று கூடி இணைந்துவிடுகின்றன. கையிற் கிடைத்த துண்டு மனித எலும்பா, விலங்கின் எலும்பா என்பதைத் தெளிதலே முதற் படி. ஆட்டின் எலும்பை மனித எலும்பென்று கருதி ஊர் கலங்குதலும் உண்டு; மனித எலும்பை விலங்கினது என்று கருதி எறிந்துவிடுதலும் உண்டு. இரண்டும் பிழையே.

அடுத்து, ஆணா பெண்ணா என்னும் வினா எழுகின்றது. இதற்கு இடுப்பெலும்பே சிறந்த சான்று. மகவை ஈன்றெடுக்கும் பொருட்டுப் பெண்ணின் இடுப்பெலும்பு அகன்று அமைந்துள்ளது. மண்டையோட்டில் புருவமேடும், காதின் பின்னுள்ள முனைப்பும் ஆணுக்குப் பெரும்பாலும் பருத்திருக்கும். ஆயினும், பருவம் எய்தாத சிறாரின் எலும்புகளைக் கொண்டு இதனை உறுதியாகக் கூறல் இயலாது. இயலாததை இயலாதென்று கூறுதலும் இக்கல்வியில் ஒரு பாடமாகும்.

வயதை அறிதற்குப் பல்லும் எலும்பின் முனைகளும் உதவுகின்றன. ஆறு வயதளவில் முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கின்றது. அறிவுப்பல் என்று வழங்கும் மூன்றாம் கடைவாய்ப்பல் பதினேழு வயதிற்குப் பின்னரே பெரும்பாலார்க்கு முளைக்கின்றது. நீண்ட எலும்புகளின் முனைகள் இளமையில் குருத்தெலும்பால் பிரிந்து நின்று, வளர்ச்சி முடிந்தபின் தண்டோடு கூடுகின்றன. காறையெலும்பின் மார்புப்புற முனையே எல்லாவற்றிற்கும் இறுதியாக, இருபது வயதைக் கடந்த பின்னர்க் கூடி முடிகின்றது. முப்பது வயதிற்கு மேற்பட்டோரின் வயதைக் கூறுதல் கடினம். அந்நிலையில் நல்ல ஆய்வாளன் 'நாற்பத்திரண்டு' என்று கூறான். 'முப்பத்தைந்திற்கும் ஐம்பதிற்கும் இடைப்பட்டவர்' என்றே கூறுவான்.

தொடையெலும்பின் நீளம் ஒருவர் உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஆதலின், அதனை அளந்து உயரத்தைக் கணக்கிடலாம். ஆனால் ஒரு நாட்டு மக்களை அளந்து வகுத்த வாய்பாடு வேறொரு நாட்டு மக்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஆகவே இந்திய ஆய்வாளர்கள் தம் நாட்டு மக்களுக்கென வாய்பாடுகளைத் தனியே வகுத்துள்ளனர்.

முறிந்த எலும்பும் தன் வரலாற்றைக் கூறும். உயிரோடு இருந்தபோது முறிந்து ஆறிய இடத்தில் புது எலும்பு திரண்டு தடித்திருக்கும். இறக்கும் தறுவாயில் முறிந்ததாயின், ஆறிய குறி இராது. பச்சைக் கொம்பை ஒடித்தாற்போல விளிம்பு அமைந்திருக்கும். இறந்து நெடுநாள் சென்றபின் மண்வெட்டி பட்டு உடைந்ததாயின், உலர்ந்த சுள்ளியைப் போல முறிந்து, உடைந்த பரப்பு வெளிறித் தோன்றும். மேல்விஷாரத்து முதியவர் ஆறிய தழும்பையும் கத்திக் காயத்தையும் பிரித்தறிந்தது போன்றதே இதுவும். இவ்வேறுபாட்டைத் தவறாகக் கூறின், குற்றமற்றவன் தண்டனை பெறவும் குற்றவாளி தப்பவும் நேரும்.

தமிழகத்து மண்ணும் இக்கல்விக்குச் சான்றுகள் பலவற்றை ஈந்துள்ளது. பொருநையாற்றங்கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் இரீ என்பவர் 1899-ஆம் ஆண்டு முதல் அகழ்ந்து, முதுமக்கள் தாழிகளையும் எலும்புகளையும் வெளிக்கொணர்ந்தார். 2004-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை அங்கு மீண்டும் அகழ்ந்தபோது நூற்றறுபதிற்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. கீழடியை அடுத்த கொந்தகை என்னும் இடுகாட்டிலிருந்து எடுத்த மண்டையோடுகள் இரண்டைக் கொண்டு, அம்முன்னோரின் முகங்கள் 2025-ஆம் ஆண்டில் கணிப்பொறியின் துணையால் மீட்டுருவாக்கப்பட்டன. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் இப்பணியில் இணைந்தன. மண்டையோட்டின் வடிவம் முகத்தின் அமைப்பைப் பெரிதும் காட்டும். தோலின் நிறத்தையும் மயிரின் வகையையும் அது காட்டுவதில்லை. காண்போர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

எலும்பு பொய் கூறாது. ஆனால் எலும்பைப் படிப்பவன் பொய் கூறலாம். அல்லது தன் விருப்பத்தை எலும்பின் மேல் ஏற்றிக் கூறலாம். இக்கல்வியின் வரலாற்றில் அத்தகைய இருண்ட பகுதியும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், தலையையும் மூக்கையும் அளந்து மக்களை உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று வகுக்க அறிஞர் சிலர் முயன்றனர். இந்தியாவின் 1901-ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பிற்குத் தலைமை தாங்கிய ரிஸ்லி என்பவர், மூக்கின் அகலத்திற்கும் சாதி நிலைக்கும் தொடர்புண்டு என்று எழுதினார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராய் இருந்த எட்கர் தர்ஸ்டனும் அளவுகருவியோடு ஊர் ஊராகச் சென்று மக்களை அளந்தார். அவர் தொகுத்த 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்னும் நூல் 1909-ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது.

அமெரிக்காவில் வாழ்ந்த பிரான்சு போவாசு என்னும் பேரறிஞர், குடியேறிய மக்களையும் அவர்தம் மக்களையும் அளந்து, 1912-ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டார். அமெரிக்காவிற் பிறந்த பிள்ளைகளின் தலை வடிவம் பெற்றோரினின்று மாறுபட்டிருந்தது. தலை வடிவம் மாறாத இன அடையாளம் என்னும் கொள்கை இதனால் ஆட்டங்கண்டது. ஆயினும் அக்கொள்கை எளிதில் மறையவில்லை. அதனை எதிர்நோக்க நேர்ந்தவர்களுள் இந்தியப் பெண்மணி ஒருவரும் உண்டு.

அவர் பெயர் இராவதி கார்வே. 1905-ஆம் ஆண்டில் பர்மாவில் பிறந்தார். அந்நாட்டில் ஓடும் ஐராவதி ஆற்றின் பெயரே அவருக்கு இடப்பட்டது. புனாவில் பள்ளிக் கல்வியும் கல்லூரிக் கல்வியும் பெற்றார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் ஜி. எஸ். குர்யே என்னும் பேராசிரியரிடம் பயின்று முதுநிலைப் பட்டம் அடைந்தார். பெண் கல்விக்குத் தொண்டாற்றிய தோண்டோ கேசவ கார்வே அவர்களின் மருமகளும் ஆனார். இந்தியப் பெண்கள் கடல் கடந்து சென்று பயிலுதல் அரிதாய் இருந்த அக்காலத்தில், 1928-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் செருமனிக்குச் சென்று, பெர்லின் நகரில் மானிடவியல் ஆராய்ச்சியை மேற்கொண்டார்.

அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஆய்கன் பிஷர் என்பவர். இனங்களுள் உயர்வு தாழ்வு உண்டு என்னும் கொள்கையுடையவர். பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் தலைவர். மனித மண்டையோட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. இவ்வேறுபாடு ஐரோப்பியர்க்கு ஒருவகையாகவும் ஏனையோர்க்கு வேறுவகையாகவும் அமையும் என்றும், அது ஐரோப்பியரின் அறிவு மேம்பாட்டைக் காட்டும் என்றும் கருதப்பட்டது. அதனை ஆராயும் பணி இராவதியிடம் ஒப்படைக்கப்பட்டது.

அயல் நாடு; அயல் மொழி; பட்டம் வழங்கும் உரிமையோ ஆசிரியர் கையில். ஆசிரியர் எதிர்பார்த்த முடிவை எழுதிவிட்டால் வழி எளிதாகும். இராவதி 149 மண்டையோடுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் பொறுமையோடு அளந்தார். அளவுகளை வரிசைப்படுத்தினார், ஒப்பிட்டார். மண்டையோட்டின் இடவல வேறுபாட்டிற்கும் இனத்திற்கும் தொடர்பில்லை என்பதையே அவ்வளவுகள் காட்டின. தாம் கண்டதையே அவர் எழுதினார். ஆசிரியரின் கருத்திற்கு மாறான அவ்வாராய்ச்சியே அவருக்கு டாக்டர் பட்டத்தைத் தந்தது.

சில ஆண்டுகளில் செருமனியின் ஆட்சி இட்லர் கையிற் சிக்கியது. பிஷரின் நிலையம் வளர்த்த இனக்கொள்கை, அவ்வாட்சியின் கொடுஞ்செயல்களுக்கு அறிவியல் போர்வையாயிற்று. எத்தனையோ இலட்சம் மக்கள் இனத்தின் பெயரால் கொல்லப்பட்டனர். அளவைத் திரித்துக் கூறுதல் ஒரு சிறு பிழையன்று. அது எங்குச் சென்று முடியும் என்பதை உலகம் கண்டது. போர் முடிந்தபின், 1950-ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகளின் கல்வி அறிவியல் பண்பாட்டு நிறுவனம் இனவுயர்வுக் கொள்கைக்கு அறிவியலில் இடமில்லை என்னும் கருத்தை வெளியிட்டது. எந்த இரு மனிதரின் மரபுப்பொருளும் ஆயிரத்தில் ஒரு பங்களவே வேறுபடும் என்பது இன்று ஐயமறத் தெளிந்த செய்தியாகும்.

தாய்நாடு திரும்பிய இராவதி, புனா தெக்காணக் கல்லூரியில் 1939-ஆம் ஆண்டு முதல் பேராசிரியராய்ப் பணியாற்றினார். தொல்லியல் அறிஞர் சங்காலியாவோடு குசராத்தின் லங்கனாஜ் என்னுமிடத்தில் பண்டை மனிதரின் எலும்புக்கூடுகளை ஆராய்ந்தார். இந்தியாவின் உறவுமுறைகளைப் பற்றி 1953-ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூலில் தென்னாட்டு உறவுமுறைகளும் விரிவாக இடம்பெற்றன. பாரத மாந்தரைப் பற்றி மராத்தியில் அவர் எழுதிய 'யுகாந்தா' என்னும் நூல் சாகித்திய அக்காதெமியின் பரிசைப் பெற்றது. 1970-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

இத்தகைய வாய்மை நீதிமன்றத்திற்கும் இன்றியமையாதது. 1952-ஆம் ஆண்டில் இராமேசுவரம் நோக்கிச் சென்ற புகைவண்டியின் பெட்டி ஒன்றில், தலையில்லாத உடல் ஒன்று மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. சென்னை இராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது. நெடுந்தொலைவில் கிடைத்த இவ்விரண்டும் ஒருவருடையவையே என்பதைச் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சி. பி. கோபாலகிருஷ்ணன் ஆராய்ந்து தெளிவித்தார். கொலையுண்டவர் ஆளவந்தார் என்னும் வணிகர் என்பது உறுதியாயிற்று. அவ்வாராய்ச்சி இல்லையேல் அவர் பெயரற்ற பிணமாகவே மறைந்திருப்பார்.

கடல் கடந்த அர்ச்செந்தீனா நாட்டில் 1976 முதல் 1983 வரை படைத்தலைவர் ஆட்சி நடந்தது. ஆயிரக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டு மறைந்துபோயினர். அவர்கள் உயிரோடு உள்ளனரா இல்லையா என்பதைக்கூட அறியாமல் தாய்மார் தவித்தனர். மக்களாட்சி மீண்டபின், புதைகுழிகளைப் பெரிய எந்திரங்களால் தோண்டினர். எலும்புகள் கலந்தும் உடைந்தும் போயின. 1984-ஆம் ஆண்டில் அமெரிக்க மானிடவியலறிஞர் கிளைடு ஸ்னோ அங்குச் சென்றார். அவரோடு பணியாற்ற முன்வந்தோர் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களே. கரண்டியும் தூரிகையும் கொண்டு மண்ணை மெல்ல விலக்கி, எலும்புகளைச் சிதையாது எடுக்க அவர் கற்பித்தார். அடுத்த ஆண்டு, படைத்தலைவர்கள்மீது நடந்த வழக்கில் ஸ்னோ சாட்சி கூறினார். அம்மாணவர்கள் அமைத்த குழு இன்று உலகின் பல நாடுகளில் தொண்டாற்றுகின்றது. தன் மகனின் எலும்பையேனும் பெற்று, உரிய முறையில் அடக்கம் செய்த தாயின் கண்ணீரில் துயரமும் உண்டு, ஆறுதலும் உண்டு. காணாமற்போனவர் என்னும் சொல்லுக்கு முடிவில்லை. இறந்தார் என்னும் சொல்லேனும் ஒரு முடிவைத் தருகின்றது.

எலும்பைக் காணும்போது அஞ்சுவோரும் அருவருப்போரும் பலர். இக்கல்வியைக் கற்போர் அதனை ஒரு மனிதரின் எஞ்சிய பகுதியாகவே மதித்தல் வேண்டும். ஆய்வுக்கூடத்தின் மேசைமேல் கிடப்பது ஒரு காலத்தில் நடந்த கால், உழைத்த கை, குழந்தையைத் தாங்கிய இடுப்பு. அதற்கு இனிப் பேச வாயில்லை. அதன் பொருட்டுப் பேசுகின்றவன் கூட்டியும் குறைத்தும் பேசலாகாது.

பாலாற்றங்கரையில் அந்த முதியவர் இன்னும் ஒரு தோலை வெளிச்சத்தில் விரிக்கின்றார். விலை உயர வேண்டும் என்பதற்காக அவர் கண் குறையை மறைப்பதில்லை. அவ்வூர்ப் பள்ளியிற் பயின்று, பல்கலைக்கழகம் சென்று, எலும்பைப் படிக்க விரும்பும் மாணவன் அல்லது மாணவி கற்க வேண்டிய முதற் பாடம் அத்தொழிற்சாலையிலேயே உள்ளது. எலும்புகளின் பெயர்களைப் புத்தகம் கற்பிக்கும்; அளக்கும் முறையை ஆசிரியர் கற்பிப்பார். அளந்ததை அளந்தவாறு கூறும் துணிவை ஒவ்வொருவரும் தாமே வளர்த்துக்கொள்ளல் வேண்டும். அத்துணிவு உடையவர் கையில் என்பும் உண்மை உரைக்கும்.